தட்டில் விழுந்தது மட்டும்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "பெரிய வூட்டு மெர்க்குரி லைட்ட யாராலயாவது மறக்க முடியுமா?" அவ்வளவுதான், வரிசையாக இதயங்கள் விழுந்தன. அதன் கீழே கபடி ஆடியதை ஒருவர் சொன்னார். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் வாத்தியார் ஆனதாக இன்னொருவர் சொன்னார். பொற்காலம் என்று ஒருவர் முடித்து வைத்தார். பிறகு யாரோ, "நம்ம மண்ணெண்ண எங்க, ஆளயே காணோம்?" என்று என்னை இழுத்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மையை ஆளுக்கொன்றாகப் போட்டீர்கள்.

இதோ, மண்ணெண்ணெய் வந்துவிட்டேன். அந்த விளக்கை நானும் மறக்கவில்லை. ஏன் மறக்கவில்லை என்று எழுதப் போகிறேன். நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துகொள்ளலாம். நமக்கெல்லாம் அறுபது ஆகிவிட்டது. ஆளுக்கொரு மாத்திரை டப்பா வைத்திருக்கிறோம். இனிமேல் நான் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

நம் பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில் நம் ஊர். ஏரிப் பாசனம் கொஞ்சம், மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி, கொல்லை என்போம். ஆடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள். ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் பெரிய வீட்டுக்காரருடையது. என் அப்பா அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டார். அம்மா விடியற்காலையில் அவர் வாசலைப் பெருக்கிச் சாணம் தெளிப்பாள், பிறகு களைவெட்டுக்குப் போவாள், மாலையில் பாத்திரம் தேய்ப்பாள். எங்களுக்கு அவர் ஆண்டை. உங்களில் சிலருக்கு அவர் மாமா, சிலருக்குச் சித்தப்பா. அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மல்லாட்டைக்கு அப்போது ஒரே எமன் கம்பளிப்பூச்சிதான். கோடைக்குப் பிறகு முதல் மழை மண்ணை நனைத்ததும் உள்ளே கிடந்த தாய்ப்பூச்சி வெளியே வரும். வெள்ளை இறக்கை, ஓரத்தில் மஞ்சள் கோடு. பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். அது இலைக்கு அடியில் முட்டை வைக்கும். முட்டை பொரிந்து புழு வந்துவிட்டால் கொல்லையில் காம்பு மட்டும்தான் மிஞ்சும். தாய்ப்பூச்சி நிறைய வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் தப்பிக்கலாம். வரப்பில் தீ மூட்டினால் வந்து விழுந்து சாகும். கொல்லையைச் சுற்றிப் பள்ளம் வெட்டினால் புழு தாண்டாது. தெரியாமல் போனால் போனதுதான்.

அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் விவசாய ஆபீஸிலிருந்து பூச்சி ஆபீசர் வந்தார். ஒல்லியான ஆள், கால்சட்டை சைக்கிள் சங்கிலியில் மாட்டாமல் இருக்க ஒரு கிளிப் போட்டிருப்பார். வருஷா வருஷம் தாய்ப்பூச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்கெடுக்க வேண்டும் என்றார். பெரிய வீட்டுக் கொல்லை ஓரத்தில் மூன்று கழி நட்டு, நடுவில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டு, கீழே அகலமான தகரத் தட்டு வைத்தார். தட்டில் தண்ணீர், தண்ணீர் மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய். வெளிச்சத்துக்கு வரும் பூச்சி முட்டிக்கொண்டு தட்டில் விழும். எழுந்திருக்காது. பொழுது சாய்ந்தால் விளக்கை ஏற்றுவதும், காலையில் தட்டில் கிடப்பதை வடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பதும் அம்மாவின் வேலை ஆயிற்று. எண்ணெய் ஆபீஸிலிருந்து வரும், பெரிய வீட்டில் டின்னில் இருக்கும்.

ஆபீசர் சில நாளைக்கு ஒருமுறை வந்து டப்பாவைச் செய்தித்தாளில் கொட்டி, தீக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணுவார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பேன். அவருக்கு அதில் பிடித்தமில்லாமல் இல்லை. "பாத்தியா, இது ஆம்பள, இது பொம்பள" என்று எனக்குக் காட்டுவார். நல்ல மனுஷன்தான். இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒரே ஆளைப் பிடித்துக் கட்டி வைக்க என்னால் முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் வருஷம் ஒரு தப்பு நடந்தது. இரண்டு நாளாக விடாமல் மழை, விளக்கு சரியாக நிற்கவில்லை, தட்டில் ஒன்றும் இல்லை. ஆபீசர் வரும் நாள். வந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அம்மாவின் சுபாவம். வீட்டுக்கு வந்தவருக்குக் கூழில்லை என்று சொல்லக் கூசுகிற மாதிரி, டப்பாவில் பூச்சி இல்லை என்று சொல்லக் கூசினாள். வரப்பில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி டப்பாவை நிரப்பிவிட்டாள்.

ஆபீசர் கொட்டிப் பார்த்தார். எடுத்து மோந்தார். எண்ணெய் வாசம் இல்லை.

"இது ஏதும்மா?"

"வரப்புல கெடந்துதுங்கய்யா. தட்டுல ஒண்ணும் வுழுல. அவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சிக்கினு வர்றீங்க, வெறும் டப்பாவ எப்டிக் காட்றதுன்னு..."

அவர் கத்தவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீ நல்லது பண்றதா நெனச்சு எல்லாத்தையும் கெடுக்கறம்மா. வெளிய கெடக்கறதப் பொறுக்கிப் போட்டா இந்த வருஷக் கணக்கு பொய். அப்புறம் அடுத்த வருஷத்தோட எதை வச்சு ஒத்துப் பாப்பேன்? தட்டுல விழுந்தது மட்டும். வேற ஒண்ணுகூட சேரக் கூடாது. எங்க, உன் பொண்ணு தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு."

விளையாட்டாகத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அம்மாவுக்குச் சத்தியத்தில் விளையாட்டு கிடையாது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் ஒருத்திதான் மிச்சம். ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் அப்படியே என் தலைமேல் வைத்து, "தட்டுல வுழுந்தது மட்டும்தாங்கய்யா. வேற ஒண்ணு சேத்தா இவ எனக்கில்ல" என்றாள். அந்தக் கையில் இருந்த எண்ணெய் வாசம் இரண்டு முழுக்குக்கும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று தள்ளி உட்கார்ந்தீர்களே, அது அப்போதுதான். பட்டப்பெயர் பிறகுதான் வந்தது.

அடுத்த வருஷம் தட்டு நிரம்பி வழிந்தது. டப்பா பற்றாமல் அம்மா பால் செம்பில் போட்டு வைத்தாள். ஆபீசர் ஓடி வந்து ஊருக்குச் சொன்னார், தண்டோரா போட்டார்கள், வரப்பெல்லாம் தீ, கொல்லையைச் சுற்றிப் பள்ளம். மலைமேலிருந்து பார்த்தால் தீபாவளி மாதிரி இருந்தது என்று மேலேயிருந்து இறங்கி வந்த தேன்காரர் சொன்னார். மல்லாட்டை பிழைத்தது. பெரிய வீட்டுக்காரர் ஆபீசருக்கு மாலை போட்டார். அம்மாவுக்கு ஒரு படி காய் கொடுத்தார். அந்த ஒரு நாள்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்தோம்.

மூன்றாம் வருஷம்தான் உங்கள் பொற்காலம்.

பெரிய வீட்டுக்காரர் மாடி கட்டினார். களத்துமேட்டில் திருட்டுப் போகக் கூடாது என்று உயரமான கம்பம் நட்டு மெர்க்குரி விளக்கு போட்டார். அப்படி ஒரு விளக்கு சங்கராபுரத்தில் பஸ் நிற்கிற இடத்தில்தான் இருந்தது. முதலில் ஊதாவாகக் கண்ணைச் சிமிட்டும், உர்ரென்று சத்தம் போடும், பிறகு மெல்ல வெளுத்து நீலமாக நிற்கும். அதில் நம் பல்லெல்லாம் செத்தவன் பல் மாதிரி தெரியும். மழை விட்ட மாலைகளில் பூச்சிகள் வந்து கண்ணாடியில் படபடவென்று மோதும். இறக்கைத் தூள் கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். தேரைகள் தின்று தின்று தாவ முடியாமல் வயிற்றை இழுத்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் இறக்கையைப் பிய்த்துவிட்டு நடக்கவிட்டுப் பந்தயம் வைப்பீர்கள். முதலில் வந்த பூச்சியை மிதித்துக் கொல்வதுதான் அதற்குப் பரிசு. நானும் ஆடினேன், இல்லை என்று சொல்லவில்லை.

அந்தக் கம்பத்துக்கும் அம்மாவின் பெட்ரோமாக்ஸுக்கும் நடுவில் ஒரு கொல்லைதான் தூரம். நீங்களே இப்போது முடிச்சுப் போட்டிருப்பீர்கள். அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பெட்ரோமாக்ஸுக்கு வருவது சர்க்கார் பூச்சி. மெர்க்குரிக்கு வருவது சும்மா விளக்குப் பூச்சி. எல்லோர் மனசிலும் அப்படித்தான் இருந்தது.

காலையில் அம்மா முதலில் பெரிய வீட்டு வாசலையும் களத்தையும் பெருக்குவாள். கம்பத்தைச் சுற்றிப் பூச்சி வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். கூட்டி முறத்தில் அள்ளிக் கோழிக் கூட்டுப் பக்கம் கொட்டுவாள். கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு விழுங்கும். அதை முடித்துவிட்டுக் கொல்லைக்கு வந்து தட்டைப் பார்ப்பாள். தட்டில் நாலைந்துதான் கிடக்கும். அதை டப்பாவில் போடுவாள்.

ஒரு நாள் நான் கேட்டேன். "ஏம்மா, அங்க முறம் முறமா கீதே, அதுலயும் அதே பூச்சிதானே? கொஞ்சம் எடுத்து டப்பாவுல போடலாமில்ல?"

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் வாயிலேயே ஒன்று வைத்தாள். பிறகு அவளே பயந்துபோய் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு பேசாத. ஒன் தலைமேல பண்ண சத்தியம்டி. தட்டுல வுழுந்தாத்தான் கணக்கு. கீழ வுழுந்தது கோழிக்கு."

ஆபீசர் வந்தார், கொட்டினார், எண்ணினார். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. தீக்குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக நிமிர்ந்தார். "வேற எதையும் சேக்கலையே? வேற எதையும் எடுத்தும் வைக்கலையே?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"இல்லீங்கய்யா. ஆனா அங்க ஆண்ட வூட்டாண்ட..."

"தட்டுல விழுந்தது மட்டும்தானே?"

"ஆமாங்கய்யா."

"அது போதும்."

அன்று மதியம் பெரிய வீட்டுக் கூடத்தில் அவருக்கு விருந்து. அம்மா பின்கட்டில் பாத்திரத்தோடு இருந்தாள், நான் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. மருந்துப் பவுடர் தூவியதிலும் தீ மூட்டியதிலும் தாய்ப்பூச்சி ஒழிந்துகொண்டு வருகிறது, தட்டு அதைத்தான் காட்டுகிறது, இந்த வருஷம் பள்ளமும் வேண்டாம் தீயும் வேண்டாம் என்றார் ஆபீசர். பள்ளம் வெட்டும் கூலி மிச்சம் என்று பெரிய வீட்டுக்காரர் சிரித்தார்.

"கோழி என்னமா இருக்குது! நாட்டுக் கோழியில இவ்ளோ சதையா? என்ன தீனி போடறீங்க?" என்று கேட்டார் ஆபீசர்.

"எங்க தீனி போடறது? அதுவா மேஞ்சிக்கினு திரியுது."

அவர் எலும்பை உறிஞ்சுகிற சத்தம் பின்கட்டு வரைக்கும் வந்தது. தான் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்ததைத்தான் அந்த மனுஷன் ருசித்துத் தின்றார். ஐம்பது வருஷம் கழித்து இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

புழு வந்தது. முதலில் இலைகள் சல்லடை மாதிரி ஆயின. யாரும் கவனிக்கவில்லை, வராது என்றுதான் சொல்லியாயிற்றே. பிறகு ஒரு காலையில் கொல்லைப் பக்கம் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. வானத்தில் மேகமே இல்லை. அத்தனையும் வாய் வைத்து மென்றுகொண்டிருந்த சத்தம். செம்பட்டை மயிரோடு விரல் நீளத்துக்குப் புழுக்கள், ஒரு கொல்லையை முடித்து ரோட்டைக் கடந்து அடுத்த கொல்லைக்கு மந்தையாகப் போயின. சைக்கிள் வழுக்கிவிட்டு வாத்தியார் விழுந்தார், நினைவிருக்கிறதா? அதற்கும் சிரித்தோம். நாலைந்து நாளில், ஒரு மூலைக் கொல்லை தவிர, ஊரைச் சுற்றி ஒரு பச்சை இல்லை.

பெரிய வீட்டு வாசலில் ஊர் கூடியது. உங்களில் பல பேர் உங்கள் அப்பாக்களின் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். நான் சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"எண்ண எங்கடி போச்சு?" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "எந்த எண்ணங்க ஆண்ட?"

"வெளக்குக்குக் குடுத்த எண்ண."

"எரிஞ்சுதுங்க. பொழுது சாஞ்சா ஏத்துவன். அணையாம எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சு."

"வெளக்கு எரிஞ்சுது, ஆனா பூச்சி வுழுல. பூச்சியே இல்ல, ஆனா புழு வந்துடுச்சு. வானத்துலேர்ந்து கொட்டுச்சா?"

கூட்டம் சிரித்தது. திருடாதவள் என்பதற்கு அம்மா எதைக் காட்டுவாள்? அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடுகளோடு நின்றிருந்தார். அவர் கேட்டார்: "எத்தினி டின்னுடி வித்த?"

விற்றாயா என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை என்று கேட்டார். கேட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் அறைந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, வேலை போய்விடும் என்கிற பயம் என்று இப்போது தெரிகிறது. தெரிந்ததால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் செத்தபோது நான் அழவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் வைத்தாயிற்று.

விற்ற எண்ணெய்க்கு ஈடாக அம்மா கூலியில்லாமல் புழுப் பொறுக்க வேண்டும் என்று பெரிய வீட்டுக்காரர் சொன்னார். தப்பிய ஒரு மூலைக் கொல்லையையாவது காப்பாற்ற வேண்டுமாம். பொறுக்கிய புழுவைப் போட ஒரு வாளியில் எண்ணெய் கலந்த தண்ணீர் கொடுத்தார். அதற்கு மட்டும் அவரிடம் எண்ணெய் இருந்தது. கையில் சுற்றிக்கொள்ளத் துணி கேட்டபோது, "திருடுறப்ப கை கூசலியே" என்றார். அம்மா வெறுங்கையால் பொறுக்கினாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போனேன். என்னைத் தொட விடவில்லை, வாளியை மட்டும் நகர்த்தச் சொன்னாள். முதல் நாளே அவள் கை முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்தது. அந்த மயிர் பிடுங்க முடியாதது. புடவை முழுக்க ஒட்டியிருந்தது. வெயில். வேர்வை கண்ணில் இறங்கும்போதெல்லாம் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வலது கண் மிளகாய்ப் பழம் மாதிரி ஆயிற்று. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் வந்து தாய்ப்பால் பீய்ச்சிவிட்டாள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தார்கள். ஒருத்தி இமையை மடக்கி நாக்கால் தடவிப் பார்த்து, மணல் மாதிரி ஏதோ இருக்கிறது என்று துணியால் அழுத்தித் துடைத்தாள். எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயி வரட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"மூலக் கொல்ல முடியட்டும்" என்றார் அப்பா. "நடுவுல போனா ஆண்ட இன்னா நெனப்பாரு?"

கொல்லை முடிந்த பிறகு பஸ் ஏறினோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புழு மயிர் உள்ள வரைக்கும் போயிருக்கு. இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

"வேல இருந்துதுங்க" என்றாள் அம்மா.

அந்தக் கண் வெளுத்துப் போயிற்று. அது அப்புறம் எதையும் பார்க்கவில்லை.

ஆபீசர் ஒருமுறை வந்தார். பொட்டலாய்க் கிடந்த கொல்லைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெரிய வீட்டுக் களத்தில் வந்து நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. மெர்க்குரி விளக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. அம்மா கண்ணில் கட்டோடு ஓரமாக நின்றாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. "உடம்பப் பாத்துக்கம்மா" என்றார். பிறகு பெரிய வீட்டுக்காரரிடம், "விளக்கு சரியா எரிஞ்சிருக்காது. இல்லன்னா இப்படி ஆக வழியே இல்ல" என்றார். சொல்லும்போதே சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்த பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒன்று போனால் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அதையும் தட்டிவிட்டார். அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை.

அந்த வருஷத்தோடு கணக்கெடுப்பு நின்றது. மூன்று கழியும் யார் வீட்டு அடுப்புக்கோ போயின. பிஸ்கட் டப்பாவில் அம்மா கொஞ்ச நாள் உப்பு போட்டு வைத்தாள். எத்தனை கழுவியும் எண்ணெய் வாசம் வருகிறது என்று அப்பா குழம்பைத் தூக்கி எறிந்த பிறகு அதுவும் போயிற்று.

அப்புறம் நடந்ததுதான் கண் போனதைவிடக் கொடுமை. முதலில் யார் கேட்டாலும் அம்மா "எரிஞ்சுது" என்பாள். சில வருஷம் போனதும் "எரிஞ்சுதுன்னுதான் நெனச்சன்" என்றாள். எனக்குக் கல்யாணம் ஆகும்போது "கண்ணசந்துட்டனோ இன்னாவோ, யாரு கண்டா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னால் தன் கண்ணால் பார்த்தது எத்தனை நாளைக்கு நிற்கும்? அவளுக்கு இருந்ததும் ஒரே கண்.

பெரிய வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். நான் வேண்டாம் என்று தடுத்தேன், கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, "அன்னிக்கு வெளக்கு அணைஞ்சிதான் போயிருக்கும் ஆண்ட. நான் தூங்கிட்டன் போலக்கீது. ஒங்க மல்லாட்டையெல்லாம் என்னாலதான் போச்சு. மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள். அவருக்கு வாய் கோணியிருந்தது. ஆனாலும் தெளிவாகச் சொன்னார்: "போவட்டும் வுடு. நான் மன்னிச்சிட்டன்." அன்று அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அசந்து தூங்கினாள். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கின மாதிரி இருக்குதுடி என்று சொன்னாள்.

நான் இப்போது மலைமேல் கரியாலூரில் ஒரு விடுதியில் சமைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அருவி பார்க்க வருகிற கூட்டம் போக, சில வருஷமாகப் படித்த பிள்ளைகள் கொஞ்ச பேர் மழைக்காலம்தோறும் வருகிறார்கள். வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கு போட்டு, அதில் உட்காருகிற பூச்சிகளைப் போட்டோ எடுத்து எண்ணுகிறார்கள். கொல்வதில்லை. கல்வராயன் மலையில் எந்தப் பூச்சி குறைகிறது, எது கூடுகிறது என்று வருஷத்துக்கு வருஷம் பார்க்கிறார்களாம். அவர்களைப் பார்க்கவே எனக்கு முதலில் பிடிக்காது. சோறு போடுவதோடு சரி.

போன மாதம் மழை விட்ட ஒரு மாலை, அதில் ஒரு பெண் சமையல்கட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, வாசல் லைட்ட அணைச்சிடறீங்களா?"

"ஏன், அது உங்கள இன்னா பண்ணுது?"

"அது எங்க லைட்டவிடப் பிரகாசம் ஆன்ட்டி. பூச்சி எல்லாம் அங்க போயிடும், எங்க துணியில ஒண்ணுமே வராது. அப்புறம் இந்த வருஷம் பூச்சியே கம்மியாயிடுச்சுன்னு நாங்க தப்பா எழுதிடுவோம்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஸ்விட்சில் வைத்த கையை எடுக்க முடியாமல் நான் இருட்டில் நின்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. முறம் முறமாக வெள்ளைப் பூச்சி, ஏறி விழுந்து தின்னும் கோழிகள், காலரைத் தட்டிவிடும் கை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொன்னால் நம்புவீர்களா? என் அம்மா திருடவில்லை, தூங்கவில்லை, அதைச் சொல்ல ஒரு வாய் கிடைத்துவிட்டது. அம்மாவிடம் ஓடினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு வெளக்கு எரிஞ்சுதும்மா."

"எந்த வெளக்கு?"

சொன்னேன். அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். கம்பம், கொல்லை, பெட்ரோமாக்ஸ், எல்லாவற்றையும் கையால் வரைந்து காட்டிச் சொன்னேன். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் தூங்கல?"

"தூங்கவே இல்ல."

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலீல நான் கூட்டி அள்ளுனனே, அதுங்கதானா?"

"அதுங்கதான்."

"என் கையாலயே அள்ளிக் கோழிக்குப் போட்டன்."

"அது ஒன் தப்பு இல்லம்மா. ஆபீசருதான் என் தலைமேல சத்தியம் வாங்கிட்டாரில்ல? நீ இன்னா பண்ணுவ?"

அவள் நான் சொன்னதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. நல்ல கண்ணை என் பக்கம் திருப்பினாள். இத்தனை வருஷமும் அந்தக் கண்ணில் நான் பார்க்காத ஒன்று அப்போது இருந்தது. அவமானம் என்றுதான் அதற்குப் பெயர் சொல்ல வேண்டும்.

"நான் ஒண்ணுமே பண்ணலன்னா," என்றாள், "ஆண்ட இன்னாத்துக்கு என்ன மன்னிச்சாரு?"

அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள். சோற்றில் கை வைத்தபடி கேட்கிறாள், பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கேட்கிறாள். அந்த ஒரு மன்னிப்பை வைத்துத்தான் அவள் இத்தனை வருஷம் தூங்கினாள். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

அந்த விளக்கின் கீழே படித்து முன்னேறியவர்கள் இந்தக் குழுவில் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் போடுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.